அசலில் விழாத ஆயிரங்கள்

30 லட்ச ரூபாய் வீட்டுக்கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். முதல் தவணையில் 21,250 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,785தான். பத்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவருக்கும் ஏறக்குறைய 21 லட்சம் பாக்கி நிற்கும்.

அதனால் எவ்வளவு கட்டுகிறோம் என்பதைவிட எப்போது கட்டுகிறோம் என்பது பெரிது. இதே கடனில் முதல் வருட முடிவில் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினால் 18 தவணை குறையும். பத்தாம் வருட முடிவில் கட்டினால் எட்டு, ஒன்பது தவணைதான். 'போனஸ் வரட்டும், சீட்டு விழட்டும், மொத்தமாகக் கட்டலாம்' என்று இருப்பதில் லாபமில்லை. பார்க்காத ஓடிடி சந்தா, வாரம் இரண்டு முறை ஸ்விக்கி, ஆடித் தள்ளுபடியில் வாங்கிப் பீரோவில் தூங்கும் துணி என்று மாதம் 3,000 மிச்சம் பிடித்து ஆரம்பத்திலிருந்தே கட்டிவந்தால், 20 வருடக் கடன் பதினைந்தரை வருடத்தில் முடியும். மிச்சமாகும் வட்டி எட்டு லட்சத்துக்கு மேல்.

ஆனால் கட்டிய பணம் அசலில் விழ வேண்டும். சும்மா கடன் கணக்குக்கு அனுப்பிவைத்தால், அதை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. 'பார்ட் பேமென்ட், அசலில் கழிக்கவும், தவணைத் தொகை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்' என்று எழுத்தில் கொடுங்கள். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் அசல் பாக்கி இறங்கியிருக்கிறதா, கடைசித் தவணைத் தேதி முன்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கான அபராதம் கிடையாது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் கடனுக்கான வட்டி, ஏறினால் மாறும் வட்டிக் கடனின் வட்டியும் ஏறும். அப்போது தவணை அப்படியே இருக்க, காலம் மட்டும் நீண்டிருக்கும், பலர் கவனிப்பதில்லை. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று உங்களைக் கேட்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் மாத ரிசர்வ் வங்கி உத்தரவு. வட்டி இறங்கினால் பழைய தவணையையே விடாமல் கட்டுங்கள்.

கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன் இருந்தால் முதலில் அவை. ஆறு மாதச் செலவும் கையில் இருக்கட்டும். 'முன்கூட்டிக் கட்டினால் வட்டிக்கான வரிச்சலுகை போய்விடுமே' என்பவர்களுக்கு: பழைய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு வருடத்துக்கு உச்சவரம்பு 2 லட்சம், புதிய முறையில் அந்தச் சலுகையே இல்லை.

கடன் முடிந்ததும் 30 நாளுக்குள் வங்கியிடம் கொடுத்த ஒரிஜினல் பத்திரங்கள் கைக்கு வர வேண்டும். தாமதம் வங்கியுடையது என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தமிழ்நாட்டில் இன்னொரு வேலையும் உண்டு. கடன் வாங்கியபோது எம்ஓடி (பத்திரங்களை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்தது என்று வங்கி தரும் ரசீது ஆவணத்தையும் பதிய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று போட்டு அந்த ரசீது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விட்டுவிட்டால், வீட்டை விற்கப் போகும் நாளில் வாங்குபவரின் வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார்.