டிபிக்மென்டேஷன்: பல்லீற்று நிறமி நீக்கம்

ஈறுகளின் கருமையை அகற்றும் அழகுச் சிகிச்சையைப் பல் மருத்துவர்கள் ‘ஜிஞ்சைவல் டிபிக்மென்டேஷன்’ என்பார்கள். ஜிஞ்சைவா என்பது ஈற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல். பிக்மென்ட் என்பது, அம்மொழியில் வண்ணம் தீட்டுதலைக் குறிக்கும் பிங்கெரே என்னும் வினையிலிருந்து வந்தது. ‘டி’ என்னும் முன்னொட்டு நீக்கத்தை உணர்த்துகிறது.

தீட்டுதல் என்னும் வேர்ப்பொருள் இங்கே பொருந்தவில்லை. ஈற்றின் கருமை வெளியிலிருந்து பூசப்பட்டதன்று. மேல்தோலின் அடியடுக்கில் உள்ள மெலனோசைட் உயிரணுக்கள் உண்டாக்கும் மெலனின் என்னும் நிறமியே அந்நிறத்தைத் தருகிறது. ஆகவே ‘கறை நீக்கம்’ என்று எழுதுவது பிழை. கறை துலக்கினால் போகும்; இது துலக்கிப் போவதன்று, பெரும்பாலும் நோயும் அன்று. ஈயநஞ்சு, அட்ரினல் சுரப்பி குன்றுவதால் வரும் அடிசன் நோய், சில மருந்துகள் ஆகியவற்றாலும் ஈறு நிறம் மாறக்கூடும் என்பதால், காரணத்தை அறிந்த பிறகே சிகிச்சையை எண்ண வேண்டும்.

‘நிறநீக்கம்’ என்பதும் சரியாகாது. மெலனின் அகன்றதும் ஈறு நிறமற்றுப் போவதில்லை. உள்ளிருக்கும் குருதி நாளங்களின் செம்மை புலப்பட்டு இளஞ்சிவப்பாகிறது. நீங்குவது நிறமன்று, நிறமி. அதனால் ‘பல்லீற்று நிறமி நீக்கம்’ என்பதே தக்க தொடர் என்பேன். வெறும் ‘ஈற்று’ என்றால் இறுதியைக் குறிக்கும் ஈற்றடி, ஈற்றெழுத்து போன்றவை நினைவுக்கு வருவதால், ‘பல்’ என்னும் அடை தேவைப்படுகிறது. ஈற்றை இலங்கைத் தமிழர் முரசு என்றும் சொல்வர். வெண்படையில் தோல் தானே நிறமியை இழப்பதையும் ஆங்கிலம் டிபிக்மென்டேஷன் என்னும் இதே சொல்லால் குறிக்கிறது. தமிழிலோ அதை ‘நிறமி இழப்பு’ என்றும், மருத்துவர் செய்வதை ‘நிறமி நீக்கம்’ என்றும் தெளிவாகப் பிரித்துவிடலாம்.

கத்தியால் மேல்தோலைச் சீவியெடுத்தல், லேசர், திசுவை உறையவைக்கும் உறைகுளிர் முறை எனச் சிகிச்சை பலவகைப்படும். எவ்வகையாயினும் மிஞ்சுவது ஒரு மேலோட்டமான புண். இதனால்தான் பின்னர் நிகழ்வதைக் ‘குணமாதல்’ என்பதைவிட ‘ஆறுதல்’ என்பது பொருத்தம்: குணமாக நோய் ஏதுமில்லை, ஆற வேண்டிய புண்ணே உள்ளது. சுற்றியுள்ள மேல்தோல் உயிரணுக்கள் புண்ணின் மீது நகர்ந்து, ஏறக்குறைய 1 முதல் 2 வாரத்தில் அதை மூடுகின்றன. அடித்திசு முழுதும் சீராகப் பின்னும் சில வாரங்கள் பிடிக்கும். லேசரில் குருதிக்கசிவு குறைவு. ஆனால் வெப்பம் திசுவைத் தாக்குவதால், கத்தியால் ஆன புண்ணைவிட லேசர் புண் சற்றே மெதுவாக ஆறக்கூடும். முதல் நாள்களில் சூடும் காரமும் தவிர்த்து, அவ்விடத்தில் பல் துலக்கும் தூரிகை படாமல் காத்து, மருத்துவர் தரும் வாய்க்கழுவியைப் பயன்படுத்துவது வழக்கம்.

‘நீக்கம்’ என்னும் சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. அருகில் தொடப்படாமல் நின்ற மெலனோசைட்டுகள் புதிய மேல்தோலுக்குள் குடியேறிக் கருமையைத் திரும்பக் கொணரலாம். புகைப்பழக்கம் மெலனின் உருவாவதைத் தூண்டும். கருமை இவ்வாறு திரும்புவதை ‘நிறமி மீள்வு’ எனலாம். சிலருக்கு இது சில மாதங்களிலும், வேறு சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் நேர்வதால், ‘நிரந்தர நீக்கம்’ என்னும் தொடரை இச்சிகிச்சைக்கு வழங்குவது தகாது.