காயிலை மாற்றும் முன் அந்த ஒற்றை வயரைக் கழற்றிப் பாருங்கள்

'பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் போயிடுச்சு' என்று தாங்களே தீர்ப்பு எழுதி, புதுக் காயிலும் வாங்கி மாட்டி, அப்புறமும் என்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில் கரண்ட் (பொறி) வரவில்லை என்று ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கடைசியாக வந்த ஜெனரேட்டரில் குறை ஆயில் மட்டும்தான். ஊற்றியதும் அடுத்த இழுப்பிலேயே ஓடியது. கழற்றி வீசிய பழைய காயில் நன்றாகவே இருந்தது.

ஆயிலுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். வீட்டு விளக்கின் சுவிட்ச் வயரைத் துண்டித்து விளக்கை அணைக்கிறது. மேக்னட்டோ, அதாவது சுழலும் காந்தத்தால் பொறி உண்டாக்கும் அமைப்பு, வைத்த சின்ன என்ஜினில் நேர்தலைகீழ். காயிலிலிருந்து வரும் மெல்லிய வயரை என்ஜின் பாடியோடு சேர்த்து எர்த் செய்தால்தான் பொறி நிற்கும். ஸ்டாப் சுவிட்ச் செய்வது அவ்வளவுதான். பல ஜெனரேட்டர்களில் ஆயில் குறைந்தால் உள்ளே இருக்கும் மிதவை சுவிட்சும் அதையேதான் செய்கிறது. அந்த வயரின் தோல் உரிந்து ஏதாவது ஒரு போல்ட்டில் உரசினாலும் போதும், என்ஜினைப் பொறுத்தவரை யாரோ சுவிட்சை ஆஃப் செய்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் எத்தனை காயில் மாற்றினாலும் அது ஆஃப்தான்.

ஆகவே முதலில் ஆயிலைப் பாருங்கள். பிறகு காயிலின் முனையிலேயே அந்த வயரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். பொறி வந்தால் காயில் நிரபராதி. சுவிட்சையும் வயரையும் தேடுங்கள். வரவில்லையென்றாலும் அவசரப்படாதீர்கள். பிளக் கேப் உள்ளே அரித்திருக்கலாம். காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் (காந்தம் பதித்த சுழல் சக்கரம்) நடுவே துரு ஏறியிருக்கலாம், இடைவெளி மாறியிருக்கலாம். பெரும்பாலான என்ஜின்களில் அது 0.3 மி.மீ. அளவில் இருக்கும். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் இல்லாத நாங்களும் விசிட்டிங் கார்டை நுழைத்துத்தான் காலம் தள்ளினோம், ஆனால் உங்கள் மாடலின் கையேட்டைப் பார்ப்பதே சரி. கயிற்றைச் சோம்பலாக இழுத்தாலும் பொறி வராது. விருட்டென்று இழுங்கள்.

உண்மையிலேயே கெட்ட காயிலுக்கு ஒரு குணம் உண்டு. குளிரில் ஓடும், சூடானதும் நிற்கும், ஆறியதும் மறுபடி ஓடும். நின்ற அந்த நிமிடத்தில் சோதியுங்கள், ஆறிய பிறகு அல்ல.

பொறி நன்றாக வருகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை, கயிறு கையைப் பின்னுக்கு இழுக்கிறது என்றால் ஃபிளைவீல் சாவியை, அதாவது ஃபிளைவீலைத் தண்டோடு பூட்டும் சின்ன உலோகத் துண்டை, பாருங்கள். புல் வெட்டும் மெஷினின் பிளேடு கல்லில் மோதியிருந்தால் கண்டிப்பாகப் பாருங்கள். சாவி அரை மி.மீ. நழுவினாலும் டைமிங், அதாவது பொறி வர வேண்டிய நேரம், போய்விடும். பல என்ஜின்களில் அதை மென்மையான உலோகத்தில் செய்வதே வேண்டுமென்றுதான், அடி விழுந்தால் சாவி மட்டும் அறுபடட்டும் என்று. வெட்டிய ஆணியைச் சொருகி அனுப்புகிற கைகளை என்ன சொல்வது!

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், பிளக்கைக் கழற்றி அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பொறி பார்க்காதீர்கள். பலமுறை இழுத்த என்ஜினுக்குள் பெட்ரோல் நிறைந்திருக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் அது துளை வழியே புகையாகப் பீய்ச்சும். பக்கத்தில் பொறி. புருவம் கருகியதோடு தப்பியவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பழைய பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். வேறொரு பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடலைச் சுத்தமான போல்ட்டில் கிளிப்பால் பிடித்துச் சோதியுங்கள். கையால் பிடிக்காதீர்கள், அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

சோதனை முடிந்ததும் கழற்றிய வயரைத் திரும்ப மாட்டுங்கள். மாட்டாவிட்டால் சுவிட்சைத் தட்டினாலும் என்ஜின் நிற்காது. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும் வரை சுற்றும் பிளேடைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.