ஸ்டிக்மா: களங்கமா, வடுவா?

குமரி மாவட்டத்தில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில், முந்திரித் தொழிற்சாலையை மக்கள் அண்டி ஆபீஸ் என்றே சொல்வார்கள். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அப்படி ஓர் ஆபீசில் பாலியல் நலம், இசைவு, பாகுபாடு காட்டாமை ஆகியவை பற்றித் தொழிலாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தபோது, ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கிப் பலகையில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. கன்சென்ட் என்ற சொல்லுக்கு ‘சம்மதம்’ என்று எழுதியபோது யாருக்கும் ஐயம் எழவில்லை. பெண் பார்க்கும் வீட்டிலிருந்து பத்திரப்பதிவு அலுவலகம் வரைக்கும் புழங்கும் சொல் அது. ஸ்டிக்மா என்ற சொல்லுக்கு, எல்லாச் சுவரொட்டிகளிலும் உள்ளபடி, ‘களங்கம்’ என்று எழுதினேன்.

முன்வரிசையில் இருந்த மூத்த தொழிலாளி ஒருவர் தம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அண்டித் தோட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும் தன்மையுடையது. பல்லாண்டு ஓடு உடைத்த விரல்களில் கருப்பேறி, நுனித்தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது இந்த விரல்களைக் கண்டு, தீராத நோய் ஏதோ இருக்கிறதென்று எண்ணி, பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனதை அவர் சொன்னார். பிறகு கேட்டார்: “மக்களே, களங்கம்னா நமக்க கிட்ட உள்ள குறைல்லா? இது மத்தவன் நம்ம மேல வைக்கியதாக்கும். ரெண்டுக்கும் ஒரே பேரா?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் சரியான விடை சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடும் முயற்சி.

ஸ்டிக்மா கிரேக்கச் சொல். கூர்முனையால் குத்துதல், பச்சை குத்துதல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்து, குத்தியதால் உடலில் நிலைத்துவிட்ட குறியைச் சுட்டியது. பண்டைக் கிரேக்க நாட்டில் தப்பியோடிப் பிடிபட்ட அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் நெற்றியில் இப்படிக் குறி குத்தும் வழக்கம் இருந்தது. குறியைப் பெற்றவர் எங்கே போனாலும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, அவர் யார் என்பதை அந்த நெற்றி சொல்லிவிடும். இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்ற இச்சொல், நாளடைவில் உடற்குறியை விட்டு, ஒருவரைப் பற்றிப் பிறர் மனத்தில் பதிந்த இழிவைக் குறிக்கலாயிற்று. 1963-இல் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் இதைப் பற்றித் தனி நூலே எழுதிய பின், மருத்துவத்திலும் சமூகப் பணியிலும் இது நிலையான கலைச்சொல்லாகிவிட்டது. (செடிநூலில் மலரின் சூலக முடிக்கும் இதே ஆங்கிலச் சொல்தான் வழங்குகிறது. பள்ளிப் பாடத்தில் அதை மட்டும் படித்த இளம் தொழிலாளி ஒருவர் பயிற்சியில் குழம்பியதையும் கண்டேன். அந்தப் பொருளுக்கும் நம் பேச்சுக்கும் தொடர்பில்லை.)

இந்தக் கிரேக்கச் சொல்லைத் தமிழர்கள் முதன்முதலாக இன்றைய பயிற்சி வகுப்புகளில்தான் சந்திக்கிறார்கள் என்று நினைத்தால் அது தவறு. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இறுதியில் பவுல், இயேசுவின் குறிகளைத் தம் உடலில் தாங்கியிருப்பதாகச் சொல்லும் இடத்தில், மூலத்தில் இதே சொல்லின் பன்மை வடிவம் இருக்கிறது. பழைய தமிழ் வேதாகமம் அதை ‘அச்சடையாளங்கள்’ என்று பெயர்த்தது. அச்சு என்பது மேலிருந்து அழுத்திப் பதிப்பது; அதைப் பதிக்கும் கை ஒன்று வெளியே இருந்தாக வேண்டும். கடலோரக் கத்தோலிக்க ஊர்களில், புனித பிரான்சிஸ் அசிசியார் உடலில் தோன்றியதாகச் சொல்லப்படும் ஐந்து காயங்களைப் பற்றிய மறையுரைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், பெயர் தெரியாமலேயே, இச்சொல் அறிமுகமானதுதான். அங்கே அது பேறு, இங்கே இழிவு. இரண்டிலும் குறி வெளியிலிருந்து வந்து உடலில் பதிகிறது.

இனி, நாம் வழங்கும் தமிழ்ச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

களங்கம் வடமொழியிலிருந்து வந்தது. நிலவில் தெரியும் கருமையைச் சுட்ட அதிகம் வழங்குவது. அதற்கு இணையான பழந்தமிழ்ச் சொல் மறு. உயர்குடியில் பிறந்தவரிடம் காணும் குற்றம், வானத்து மதியில் உள்ள மறுவைப்போல் எல்லோருக்கும் தெரியும் என்கிறது திருக்குறள் (957). நிலவின் மறுவை யாரும் கொண்டுபோய் ஒட்டவில்லை, அது நிலவினுடையது. பிறவியிலேயே உடலில் இருக்கும் மச்சத்தையும் மறு என்கிறோம். ஆகவே எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவரைப் பற்றி ‘களங்கம்’ என்று எழுதும்போது, நல்லெண்ணத்தோடு எழுதினாலும், குறை அவரிடமே இருப்பதாக அந்தச் சொல் சொல்லிவிடுகிறது. ‘களங்கத்தைப் போக்குவோம்’ என்ற முழக்கத்தைப் படிக்கும் ஒருவர், போக்க வேண்டிய அழுக்கு நோயாளியிடம் இருப்பதாக எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கறை என்பதும் ஏறத்தாழ அதே வகை. வாழைக்கறை, பலாக்கறை என்று அன்றாடம் புழங்கும் எங்கள் ஊரில் அது தேய்த்துக் கழுவுவதற்குரிய ஒன்று. இழுக்கு, அவப்பெயர் ஆகியவை நடத்தையின் விளைவைச் சுட்டுபவை. தீட்டு என்ற சொல் தீண்டு என்பதோடு உறவுடையது. சாதியின் நெடுங்கால வன்முறையைச் சுமந்துவரும் அதை எந்தப் பயிற்சிக் குறிப்பிலும் விளக்கமாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எஞ்சுவது வடு. காயம் ஆறிய பின்னும் தோலில் நிற்பது வடு. காயம் என்றாலே காயப்படுத்திய ஒன்று உண்டு. தீயினால் சுட்ட புண் உள்ளே ஆறிவிடும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்ற குறளை (129) அறியாத தமிழர் இல்லை. பள்ளியில் அதை அடக்கமுடைமைக்கு எடுத்துக்காட்டாகப் படித்தோம். இப்போது திரும்பப் படிக்கையில், கிரேக்கர் ஊசியால் செய்ததை மனிதர்கள் நாவினால் செய்வதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. தீ உண்டாக்கியதைப் புண் என்றும் நா உண்டாக்கியதை வடு என்றும் வள்ளுவர் பிரித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பழி என்ற பொருளிலும் அவர் வடுவை ஆண்டிருக்கிறார். ‘வடுப்பரியும் நாணுடையான்’ (502) என்பவன் தனக்குப் பழி நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுபவன். ஆக, உடற்குறி, பிறரால் வருவது, பழி ஆகிய மூன்றும் இந்த ஒரு சொல்லில் கூடியிருக்கின்றன. வெறுமனே வடு என்றால் அறுவை மருத்துவத் தழும்போடு மயங்கும் என்பதால், ‘பழிவடு’ என்று சேர்த்துச் சொல்வது பொருத்தம் என்று கருதுகிறேன்.

குமரி மாவட்டத்தாருக்கு இச்சொல்லின் பொருளைப் புத்தகத்திலிருந்து விளக்க வேண்டியதில்லை. இந்த மண் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த காலத்தில், நாடார் முதலிய சாதிகளின் பெண்கள் தோளை மறைத்து ஆடை அணியத் தடை இருந்தது. அந்தத் தடைக்கு எதிராக எழுந்த தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீண்டது. 1859-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் மன்னர் உத்திரம் திருநாள் வெளியிட்ட பிரகடனம் மேலாடைக்கு இடம் தந்தது, ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் அணியக் கூடாது என்ற வரம்பையும் அதிலேயே வைத்தது. கிரேக்கர் நெற்றியில் குத்திய குறியை இங்கே துணியின் இன்மையைக் கொண்டு குத்தினார்கள். தெருவில் எதிர்ப்படும் எவரும் ஒரு பார்வையில் பெண்ணின் சாதியை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதே நூற்றாண்டில் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) தம்மைப் பின்பற்றிய ஆண்களைத் தலைப்பாகை கட்டி வணங்கச் செய்தார். அவர் வழிவந்தோரின் வழிபாட்டிடங்களான பதிகளில் இன்றும் அந்த வழக்கம் தொடர்கிறது. உடம்பில் இடப்பட்ட குறிக்கு உடம்பிலேயே பதில் சொன்ன செயலாகத்தான் அதை நான் பார்க்கிறேன்.

பாலியல் நலத்தைப் பற்றிய சொற்களில் பழிவடு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். சிபிலிஸ் நோயைத் தமிழில் பரங்கிப்புண் என்றார்கள். பரங்கியர் என்றால் ஐரோப்பியர். அந்த ஐரோப்பாவிலோ அதை ஒவ்வொரு நாட்டாரும் பக்கத்து நாட்டின் பெயரால் அழைத்தனர். நோய்க்குப் பெயர் வைத்ததைவிட, அதைக் கொண்டுவந்தவர் என்று யாரையாவது சுட்டுவதில்தான் எல்லோருக்கும் அக்கறை இருந்தது. பால்வினை நோய் என்ற இன்றைய சொல் யாரையும் சுட்டாமல், நோய் பரவும் வழியை மட்டும் சொல்கிறது.

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் கொடியது. நாளிதழ்கள் நெடுங்காலம் எழுதிவந்த ‘கற்பழிப்பு’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். குற்றம் செய்தவன் அதில் இல்லை. பெண்ணின் இசைவு மீறப்பட்டது என்பதும் இல்லை. அவளுடைய கற்பு அழிந்தது என்ற தீர்ப்பு மட்டும் இருக்கிறது. குற்றத்துக்கு ஆளானவள் மேல் சமூகம் குத்திய குறியை அச்சொல் ஒவ்வொரு முறையும் புதுப்பித்தது. வன்புணர்வு, பாலியல் வன்கொடுமை ஆகிய சொற்கள் வன்மையைச் செய்தவன் பக்கம் வைக்கின்றன. சட்டத்தின் போக்கும் அதுவே. இசைவு என்றால் என்ன என்பதற்கு 2013-இல் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விளக்கம், சொல்லாலோ சைகையாலோ தெளிவாகவும் தானாகவும் விருப்பத்தை வெளிப்படுத்துவதே இசைவு என்றும், உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெண் இசைந்தாள் என்று கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது அப்படியே இருக்கிறது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழமொழியை நம் வீடுகளிலிருந்தும் வேலையிடங்களிலிருந்தும் விலக்கி வைப்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை.

வேலையிடத்தில் பழிவடுவின் வேலை வேறு வகையில் நடக்கிறது. பாலியல் துன்புறுத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த பெண்ணையே ‘அவள் சரியில்லை’ என்று சொல்வது முதல் சூடு. 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு அமைக்கச் சொல்லும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், புகாரளித்தவரின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்று தனிப் பிரிவிலேயே கூறுவது இதை உணர்ந்துதான். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் விளக்கம் பெற்றுத் தரும் இசைவு இல்லாமல் பரிசோதனை கூடாது, பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக்கக் கூடாது, தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பவை அதன் சாரம். தொடுவதாலோ ஒரே தட்டில் உண்பதாலோ இந்தத் தொற்று பரவாது. முறையாகக் கூட்டு மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையைத் தொடர்ந்து காத்துவருபவரிடமிருந்து உடலுறவாலும் பரவாது. இத்தனை தெரிந்த பிறகும் ஒருவருடைய தம்ளரைத் தனியே வைப்பது நோய்க்கு அஞ்சி அன்று, வடுவுக்கு அஞ்சியே.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் எங்கள் மாவட்டத்தில் இன்னொரு குறி உண்டு. விசாவுக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் அன்ஃபிட் என்று முத்திரை விழுந்தால், காரணம் எதுவானாலும் ஊர் தனக்குத் தோன்றியதைப் பேசும். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞருக்கு, சிறுவயதில் வந்து முற்றிலும் குணமான காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தது. அதற்காகத்தான் அவரைத் திருப்பினார்கள். அவர் ஊர் திரும்பிய வாரமே, வேறொரு நோயின் பெயர் கிணற்றடியில் பேசப்பட்டது. பேசி முடிவாகியிருந்த திருமணமும் நின்றது. நுரையீரலில் இருந்தது ஆறிய வடு. ஊரார் இட்டது மற்றது.

சொல்லைப் பயன்படுத்தும்போது ஒரு வேறுபாட்டைக் காக்க வேண்டும். பழிவடு மனத்திலும் பேச்சிலும் இடப்படும் குறி. அதன் பேரில் வேலை மறுப்பதும் தனித் தம்ளர் வைப்பதும் பாகுபாடு. ஒருவர் தம்மைப் பற்றி ஊர் சொல்வதைத் தாமே நம்பத் தொடங்கி, சிகிச்சைக்குப் போகாமல் ஒளிந்துகொள்வதைத் ‘தன்வடு’ எனலாம். வினையாக எழுத ‘வடுப்படுத்துதல்’ என்ற வடிவம் உதவும். ‘எச்.ஐ.வி. உள்ளவர்களின் களங்கத்தை நீக்குவோம்’ என்பதை ‘எச்.ஐ.வி. உள்ளவர்களை வடுப்படுத்த மாட்டோம்’ என்று மாற்றினால், செயல் யாருடையது என்பது தெளிவாகிவிடும். பேச்சில் பழிவடு என்பது புத்தகச் சொல்லாக ஒலித்தால், மாட்டுக்குச் சூடு போடுவதைப் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களிடம் ‘சூடு போடுதல்’ என்றே சொல்லலாம். அடுத்த பயிற்சியில் நான் பலகையில் இரண்டையும் எழுதினேன். ஓடு உடைக்கும் அந்தப் பெண்ணும் அன்று வந்திருந்தார், பலகையைப் படித்தபின் தம் கையை மடியில் மறைக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டார்.