அக்கி ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வருமா?

அக்கிக் கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு உதிரத் தொடங்கும்போது பலரும் கேட்பது ஒன்றுதான்: "இனிமேல் வராதல்லவா?" அம்மை ஒருமுறை போட்டால் மறுமுறை போடாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அக்கியும் அப்படித்தான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சின்னம்மை வெளியிலிருந்து வருகிறது. அக்கி நமக்குள்ளிருந்தே கிளம்புகிறது.

இரண்டுக்கும் காரணம் வேரிசெல்லா ஜோஸ்டர் என்னும் ஒரே வைரஸ். சின்னம்மை ஆறிய பிறகும் அது உடலை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டின் இருபுறமும் வரிசையாக அமைந்த நரம்பு முடிச்சுகளிலும், முகத்துக்குச் செல்லும் நரம்பின் முடிச்சிலும் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. ஒவ்வொரு முடிச்சுக்கும் உடலின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டைத் தோல் பொறுப்பு. ஒரு முடிச்சில் வைரஸ் விழித்துக்கொண்டால், நரம்பிழை வழியாக இறங்கி அந்தப் பட்டையில் மட்டும் கொப்புளமாக வெடிக்கும். முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி வந்து, நெஞ்சின் நடுவில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிடுவது அதனால்தான்.

அதை உறங்க வைத்திருப்பவை முக்கியமாக டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள். முதியவர்களின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள் போதிய அளவு இருந்தும் அக்கி வருகிறது. ஏனென்றால் வயதோடு தளர்வது டி செல்களின் காவல். புற்றுநோய்ச் சிகிச்சையும், உறுப்பு மாற்றத்துக்குப் பின் உட்கொள்ளும் மருந்துகளும் அதே காவலைத்தான் தளர்த்துகின்றன.

அக்கி வரும்போது இந்தக் காவல் படை எதிரியை நேருக்கு நேர் சந்தித்துப் பெருகுகிறது. உடல் தனக்குத் தானே ஊக்கத் தடுப்பூசி போட்டுக்கொள்வது போன்றது இது. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்சன், தம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 1965இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். எனவே அக்கி வந்துபோன உடனடிக் காலத்தில் அது திரும்புவது அரிது. ஆனால் பெருகிய படை பெருகியபடியே இருப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல மெலிகிறது.

எவ்வளவு மெலிகிறது? அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஓல்ம்ஸ்டெட் கவுன்டியில் 1996 முதல் 2001 வரை அக்கி கண்ட சுமார் 1,700 பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 6 சதவீதத்தினருக்கு அக்கி மறுபடி வந்திருந்தது. எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவர்களிடம் இது, முதன்முறை அக்கி வரும் வேகத்துக்குக் கிட்டத்தட்ட சமம். பழைய அக்கி ஒருவரை நிரந்தரமாகக் காப்பாற்றவும் இல்லை, அடிக்கடி அவதிப்படச் சபிக்கவும் இல்லை.

பெண்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும், முதல்முறை வலி 30 நாளோ அதற்கு மேலோ நீடித்தவர்களுக்கும் மீண்டும் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. கடைசிக் குறிப்பை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். "எனக்கு அப்போது வலி மாதக்கணக்கில் இருந்தது" என்று ஒருவர் சொன்னால், அதைப் பழங்கதையாக ஒதுக்காமல் மருத்துவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் முறை அதே இடத்தில்தான் வரவேண்டும் என்பதில்லை. சின்னம்மையின்போதே வைரஸ் பல முடிச்சுகளில் குடியேறிவிடுவதால், முன்பு வலது விலாவில் வந்தது பின்னர் இடது நெற்றியில் வரலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை அதே இடத்தில், உதாரணமாகப் பிட்டத்தில், கொப்புளம் திரும்பத் திரும்ப வந்தால் அது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறு வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கொப்புள நீரைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து பிசிஆர் சோதனை செய்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஏற்கெனவே அக்கி கண்டவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. கொப்புளத்துக்கு முன்னால் ஒரு பக்கமாக எழும் எரிச்சலும் குத்தலும் அவர்களுக்குப் பழகியவை. கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மருந்தைத் தொடங்குவதே நல்லது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் மருத்துவரையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

தடுப்பூசி ஏற்கெனவே வந்தவர்களுக்கும் உண்டு. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஷிங்ரிக்ஸில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதன் புரதம் ஒன்றும், டி செல்களைத் தூண்டும் துணைப்பொருளும் உள்ளன. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள். கொப்புளங்கள் இருக்கும்போது போடுவதில்லை. முழுவதும் ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.