ஒரே ரயில், மூன்று விதமான மின்சாரம்

பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ஏறினால், பிரஸ்ஸல்ஸ் வழியாக ஜெர்மனியின் கொலோனுக்குப் போய்ச் சேர ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஆகும். வழியில் இரண்டு நாட்டு எல்லைகள் வருகின்றன. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எல்லை எது என்று பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால் கூரைக்கு மேலே ஓடும் மின்கம்பிக்கு அந்த எல்லைகள் இன்னும் அழியவில்லை.

பாரிஸில் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 சுற்று) ஏ.சி., அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். பிரஸ்ஸல்ஸை நெருங்கும்போது அது 3,000 வோல்ட் டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம் ஆகிறது. லூவன் தாண்டி அதிவேகப் பாதையில் மறுபடி 25,000. லியேஜ் நிலையத்தில் 3,000. அதன்பின் இன்னொரு அதிவேகத் துண்டில் 25,000. ஆகன் பகுதியிலிருந்து ஜெர்மனியின் 15,000 வோல்ட், 16.7 ஹெர்ட்ஸ். குறைந்தது ஐந்து முறை மாற்றம், அத்தனையும் ஒரே பயணத்தில்.

இந்த எண்கள் வேறுபடுவதற்குக் காரணம், ஒவ்வொரு நாடும் எந்தக் காலத்தில் முடிவெடுத்தது என்பதுதான். ஜெர்மன் மாநில ரயில்வேக்கள் 1912-இல் ஒப்பந்தம் போட்டபோது, ஏ.சி.யில் ஓடிய மோட்டார்களுக்கு 50 ஹெர்ட்ஸ் ஒத்துவரவில்லை. அவற்றின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் உரசும் இடத்தில் பொறி பறந்தது. அதிர்வெண்ணைக் குறைத்தால் பொறி அடங்கும். அதனால் 50-இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 16⅔ ஹெர்ட்ஸ், என்று முடிவு செய்தார்கள். அதற்கென்றே தனி மின்நிலையங்கள், தனி 1,10,000 வோல்ட் கம்பிகள் என்று ஒரு வலைப்பின்னலே வளர்ந்தது. பெல்ஜியம் எளிமையான டி.சி.யை எடுத்துக்கொண்டது. பிரான்ஸோ இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஊரின் பொது மின்சாரத்தையே ரயிலுக்கும் கொடுக்கலாம் என்று நிரூபித்தது. 1957-இல் இந்திய ரயில்வே தேர்ந்தெடுத்ததும் இந்த பிரெஞ்சு முறையைத்தான். தாம்பரம் மின்ரயிலின் தலைக்கு மேல் இருப்பதும் பாரிஸில் இருப்பதும் ஒரே 25,000 வோல்ட்தான்.

வோல்ட் குறைவாக இருந்தால் என்ன நஷ்டம்? இந்தப் பாதைக்காகக் கட்டிய, இந்த மூன்று வகை மின்சாரத்திலும் ஓடக்கூடிய ரயிலின் திறன் 25,000 வோல்ட்டில் 8,800 கிலோவாட். அதற்குக் கம்பியிலிருந்து சுமார் 350 ஆம்பியர் போதும். அதே திறனை 3,000 வோல்ட்டில் எடுக்க ஏறத்தாழ 2,900 ஆம்பியர் வேண்டும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டு மடங்கு ஓட்டம் என்றால் அறுபது மடங்குக்கு மேல் வெப்பம்! அதனால் டி.சி. பாதையில் கம்பி தடிமனாக இருக்கும், துணைமின் நிலையங்கள் நெருக்கமாக இருக்கும், ரயிலும் முழுத் திறனோடு ஓடாது. இந்தப் பயணத்தில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் 3,000 வோல்ட் பாதைகளில் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஓடும் ரயில் எப்படி மின்சாரம் மாற்றிக்கொள்கிறது? இரண்டு வகைக் கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. இடையில் மின்சாரமே இல்லாத ஒரு துண்டு விடுகிறார்கள். தண்டவாளத்தின் ஓரப் பலகை எச்சரித்ததும் ஓட்டுநர் மோட்டார்களின் இழுவையை நிறுத்தி, பிரதான சர்க்யூட் பிரேக்கரைத் திறந்து (மின்தொடர்பைத் துண்டித்து), கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃபைக் கீழே இறக்குகிறார். ரயில் தன் வேகத்திலேயே உருண்டு போகிறது. அந்த வேகத்தில் தேங்கியிருக்கும் சக்தி சாதாரணமானதல்ல. 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 400 டன் ரயிலிடம் 380 யூனிட்டுக்கும் மேற்பட்ட மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் இருக்கிறது. மின்சாரமில்லாத சில விநாடிகளில் வேகம் குறைவதைப் பயணி உணர்வதே கடினம். விளக்குகள் பேட்டரியில் எரியும். குளிர்சாதனத்தின் இரைச்சல் சட்டென்று அடங்கி, கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். கவனித்துக் கேட்டால் அந்த அமைதியை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்தப் பக்கம் போனதும் சரியான பான்டோகிராஃப் மேலே எழுகிறது. ஜெர்மனியில் அதன் தலை 1,950 மில்லிமீட்டர் அகலம். பிரான்ஸில் 1,450 தான். அதனால் கூரையில் ஒன்றுக்கு மேற்பட்டவை தேவை. ரயிலின் கருவிகள் கம்பியில் வந்திருப்பது எந்த மின்சாரம் என்று அளந்து உறுதி செய்த பிறகே சர்க்யூட் பிரேக்கர் மூடும். இதில் தவறு நடந்தால், 3,000 வோல்ட்டுக்கான கருவிக்குள் 25,000 பாய்ந்து எல்லாம் கருகிவிடும்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ரயிலின் உள்ளே இருக்கும் ஏற்பாடு. ஏ.சி. வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் அதன் வோல்ட்டைக் குறைக்கிறது, பிறகு அது டி.சி.யாக மாற்றப்படுகிறது. டி.சி.யே வந்தால் டிரான்ஸ்ஃபார்மருக்கு வேலை இல்லை. அதன்பின் இன்வெர்ட்டர் அந்த டி.சி.யை, வேகத்துக்கு ஏற்றபடி அதிர்வெண் மாறும் ஏ.சி.யாக்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. கம்பியில் எந்த நாட்டு மின்சாரம் ஓடினாலும் மோட்டாருக்கு அது தெரியவே தெரியாது.

சிக்னல்களும் நாட்டுக்கு நாடு வேறுதான். அவற்றையும் இந்த ரயில் கற்றுவைத்திருக்கிறது. ஐரோப்பா முழுவதற்குமான ஈ.டி.சி.எஸ். என்ற பொது முறை அங்கே மெல்லப் பரவிக்கொண்டிருக்கிறது. மின்சாரத்துக்கு அப்படியொரு பொது முறை வரப்போவதாகத் தெரியவில்லை. பெல்ஜியமும் இத்தாலியும் புதிய அதிவேகப் பாதைகளை 25,000 வோல்ட்டில் கட்டியிருக்கின்றன. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, சுவீடன், நார்வே ஆகிய ஐந்தும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 15,000 வோல்ட்டோடு இருக்கின்றன. அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் கம்பியையும், அதன் கீழ் ஓடும் எஞ்சின்களையும் மாற்றுவதைவிட, எல்லை தாண்டும் சில ரயில்களில் கூடுதலாக ஒரு பான்டோகிராஃபும் சில கருவிகளும் வைப்பது பல மடங்கு மலிவு.