மூன்று தடவை அழுத்த வேண்டிய பட்டன்

சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு வாட்டர் கேன் ஏஜென்சி. உள்ளே கூரை வரை 20 லிட்டர் கேன்கள், வாசலில் ஒரு குட்டியானை வண்டி, மேசைக்குப் பின்னால் அண்ணாச்சி. 2019-இல் அவருக்கு ஒரு மொபைல் ஆப் செய்து கொடுத்திருந்தேன். எந்த வீட்டுக்கு எத்தனை கேன் போனது, எத்தனை காலி கேன் திரும்பி வந்தது, யார் பாக்கி, அவ்வளவுதான். நீள நோட்டில் இருந்ததை ஃபோனுக்கு மாற்றிய வேலை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு காலையில் அவரிடமிருந்து ஃபோன். “தம்பி, காசு குடுத்த வீட்டுலயே போயி கேன் போடுற பையன் திரும்பக் கேட்டுட்டு வந்துட்டான். அபார்ட்மெண்ட் செக்ரட்டரி என்னைய வாங்கு வாங்குன்னு வாங்குறாரு. ஆப்பு என்னத்த கணக்கு பாக்குது?” ஆப் என்பதை அவர் ஆப்பு என்றுதான் சொல்வார். அன்றைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

விஷயம் இதுதான். அந்த அபார்ட்மெண்டின் பி பிளாக்கில் ஏழு வீடுகள். மாதக் கடைசியில் செக்ரட்டரி எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பிவிடுவார். பாக்கிப் பட்டியலில் பி பிளாக்கைத் திறந்து ‘எல்லாம் கட்டியாச்சு’ பட்டனை அழுத்தினால் ஏழும் மறைய வேண்டும். அழுத்திய பிறகும் மூன்று வீடுகள் அப்படியே நின்றிருக்கின்றன.

நேரில் போனேன். வழக்கமாகக் கணக்கைப் பார்க்கும் பையன் இரண்டு நாள் லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்தான். நான் லேப்டாப்பைத் திறப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான். “அது அப்படித்தாண்ணா. மூணு தடவை அழுத்தணும். முதல் தடவை மூணு வீடு நிக்கும், ரெண்டாவது தடவை ஒண்ணு நிக்கும், அப்புறம் காலியாயிடும்.” நான்கு மாதமாக அப்படித்தான் அழுத்தியிருக்கிறான். அவன் லீவில் போன நாளில் அண்ணாச்சி ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

நான் எழுதியிருந்தது கல்லூரி முதல் வருடத்தில் எழுதும் லூப்தான், ஒரே வேலையை வரிசையாகத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல். ‘பாக்கி’ என்று குறித்திருக்கும் வீடுகளை டேட்டாபேஸிடம் கேட்கிறேன். ஏழு வருகிறது. முதல் இடத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக ‘கட்டியாச்சு’ என்று மாற்றிக்கொண்டே போகிறேன். எத்தனை தடவை படித்தும் தப்பு கண்ணில் படவில்லை. பில் நோட்டின் பின்பக்கத்தில் எண்களை எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

வீடுகளை 1 முதல் 7 வரை வைத்துக்கொள்ளுங்கள். லூப் முதல் இடத்தைப் பார்க்கிறது. 1-ஆம் வீடு, கட்டியாச்சு. அந்தக் கணமே அந்த வீடு பாக்கிப் பட்டியலில் இல்லை. மீதி ஆறும் ஓர் இடம் முன்னே நகர்ந்துவிட்டன. லூப் இப்போது இரண்டாம் இடத்துக்குப் போகிறது. அங்கே நிற்பது 3-ஆம் வீடு. 2-ஆம் வீடு முதல் இடத்துக்கு வந்து, யார் கண்ணிலும் படாமல் நிற்கிறது. அடுத்து மூன்றாம் இடத்தில் 5, நான்காம் இடத்தில் 7. பட்டியல் தீர்ந்தது. 2, 4, 6 தப்பித்துவிட்டன. இரண்டாவது தடவை அழுத்தினால் 2-உம் 6-உம் போகும், 4 நிற்கும். மூன்றாவது தடவை அதுவும் போய்விடும். பையன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

பட்டியலின் நீளத்தை லூப்புக்கு முன்பே ஒரு முறை எடுத்து வைத்திருந்தால் ஐந்தாம் இடத்தில் ஒன்றும் கிடைக்காமல் ஆப் கிராஷ் ஆகியிருக்கும். அது எவ்வளவோ மேல். கிராஷ் ஆனால் அன்றைக்கே எனக்கு ஃபோன் வந்திருக்கும்.

அந்த ஆப்பில் நான் பயன்படுத்தியது ரியல்ம் என்ற டேட்டாபேஸ். அது தரும் பட்டியல் தரவின் நகல் அல்ல, தரவைப் பார்க்கும் ஒரு ஜன்னல். டேட்டாபேஸில் ஏதாவது மாறினால் பட்டியலும் அப்போதே மாறும். பத்தாயிரம் வரிகள் (வீட்டுக்கு ஒன்று என்று வையுங்கள்) இருந்தாலும் எல்லாவற்றையும் நினைவகத்தில் கொண்டுவந்து கொட்டாது. நீங்கள் தொடுகிற வரியைத் தொடுகிற நேரத்தில்தான் எடுத்துத் தரும். 2 ஜிபி ராம் உள்ள ஃபோனில் இது பெரிய வரம். ஆனால் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே அறையில் உள்ள சாமான்களை நகர்த்தினால், எண்ணிக்கை தப்பத்தான் செய்யும்.

சரிசெய்ய வழிகள் உண்டு. கடைசி இடத்தில் தொடங்கி முதல் இடத்தை நோக்கி எண்ணினால் நகர்வு பாதிக்காது. ரியல்மிலேயே அந்தக் கணத்துப் பட்டியலை உறைய வைத்து ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். ஜாவா மொழிக்கான ரியல்மில், இட எண்ணை வைத்து எடுக்காமல் ‘இதிலுள்ள ஒவ்வொன்றுக்கும்’ என்ற வகை லூப்பை எழுதினால் அதுவே உள்ளுக்குள் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளும். ஒரே வேலையை இரண்டு விதமாக எழுதலாம், ஒன்று சரியாக ஓடும், மற்றது பாதியை விட்டுவிடும் என்பது எனக்கு இன்றும் கொஞ்சம் கோபம் வரும் விஷயம். என்னைக் கேட்டால் லூப்பே வேண்டாம். இந்த நிபந்தனைக்கு உட்பட்ட எல்லா வரியையும் மாற்று என்று டேட்டாபேஸிடமே ஒரே கட்டளையாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது.

சரிசெய்து கொடுத்த மறுநாள் பையன் கூப்பிட்டான். “அண்ணா, ரெண்டாவது தடவை அழுத்தினா ஒண்ணுமே நடக்கலை. பட்டன் ரிப்பேரா?”

அப்புறம் காலம் மாறியது. ரியல்மை மாங்கோடிபி நிறுவனம் 2019-இல் வாங்கியது. 2024 செப்டம்பரில் அதன் மொபைல் கருவிகளைக் கைவிடுவதாக அறிவித்தது. தரவைச் சர்வரோடு ஒத்திசைக்கும் சேவை 2025 செப்டம்பர் 30-ஓடு முடிவுக்கு வந்தது. உள்ளூர் டேட்டாபேஸின் மூலநிரல் இன்னும் திறந்தே இருக்கிறது என்றாலும், நான் ரூம் என்ற கருவிக்கு மாறிவிட்டேன். 2017 கூகுள் ஐ/ஓ மாநாட்டில் அறிமுகமான ரூம், எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸின் மேல் போட்ட ஓர் அடுக்கு. ரியல்மிலிருந்து வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இங்கேதான். ரூம் தருவது சாதாரணப் பட்டியல், அதாவது நகல், ஃபோட்டோ. அதில் ஒரு வீட்டின் பாக்கியை மாற்றினால் உங்கள் கையிலிருக்கும் நகல்தான் மாறும். எழுதச் சொல்லாதவரை டேட்டாபேஸுக்கு அது தெரியாது. பழைய பழக்கத்தில் நான் இரண்டு இடங்களில் எழுதச் சொல்ல மறந்தேன். திரையில் ‘கட்டியாச்சு’ என்று காட்டும், ஆப்பை மூடித் திறந்தால் மறுபடி பாக்கி. இந்தத் தடவை அண்ணாச்சி காய்ச்சுவதற்கு முன் நானே கண்டுபிடித்துவிட்டேன்.

பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றால் ரூமில் ஃப்ளோவாக, அதாவது தொடர்ந்து வரும் ஓட்டமாகக் கேட்கலாம். மாற்றம் நடக்கும்போதெல்லாம் புது ஃபோட்டோ வரும். ஆனால் ரூம் கவனிப்பது டேபிளை, அதாவது முழு அட்டவணையை, அதிலுள்ள வரியை அல்ல. வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குக் கேன் இறங்கியதைக் குறித்தால், பள்ளிக்கரணைப் பட்டியலைத் திறந்து வைத்திருப்பவரின் திரைக்கும் அதே பழைய பட்டியல் புதிதாக இன்னொரு தடவை வரும். காலையில் ஒத்திசைவு ஓடும்போது திரை மினுமினுக்கிறது என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். வந்தது முன்பு வந்ததேதான் என்றால் திரைக்கு அனுப்பாதே என்று தடுக்க நிரலில் ஒரே ஒரு வரி போதும்.

நகல் பாதுகாப்பானது என்று நினைத்து நான் செய்த இன்னொரு வேலை இது. பாக்கி உள்ளவர்களின் அடையாள எண்களை மட்டும் ஒரு பட்டியலாகச் சேகரித்துக்கொள்வது, பிறகு ‘இந்த எண்கள் உள்ளவர்களுக்கெல்லாம் நினைவூட்டல் போய்விட்டது என்று குறி’ என்று ஒரே கட்டளையாகக் கொடுப்பது. என் ஃபோனில் ஓடியது. டெஸ்டரின் ஃபோனில் ஓடியது. அண்ணாச்சியின் ஆண்ட்ராய்டு 10 ஃபோனில் உடனே கிராஷ். அதற்குள் அவருடைய பாக்கிப் பட்டியலில் 1,100 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். எஸ்கியூலைட்டில் ஒரு கட்டளைக்கு இத்தனை மதிப்புகளைத்தான் தரலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. பழைய பதிப்புகளில் அது 999. 2020 மே மாதம் வந்த 3.32.0 பதிப்பில்தான் 32,766 ஆக உயர்ந்தது. ஆண்ட்ராய்டில் வழக்கமாக நாம் பயன்படுத்துவது ஃபோனோடு வரும் எஸ்கியூலைட்டை. ஆண்ட்ராய்டு 11 வரை பழைய பதிப்பு, 12-இல்தான் 3.32. அந்தப் பட்டியல் ஆயிரத்தைத் தொட்ட நாளிலிருந்தே அந்த ஃபோனில் இந்தப் பொறி காத்திருந்திருக்கிறது. எண்களை 500 500-ஆகப் பிரித்து, எல்லாம் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்று கட்டிவைக்கும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் அனுப்பினேன். உண்மையில் எண்களையே சேகரித்திருக்க வேண்டியதில்லை. நிபந்தனையையே கட்டளையில் எழுதியிருக்கலாம்.

டிரான்சாக்‌ஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. நூற்றுக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாக, தனித்தனி டிரான்சாக்‌ஷனாக எழுதும் நிரலை நேர்காணல்களில் அடிக்கடி பார்க்கிறேன். எஸ்கியூலைட்டுக்கு எழுதுவது சுலபம், எழுதியது பத்திரமாகச் சேமிப்பில் இறங்கிவிட்டதா என்று ஒவ்வொரு தடவையும் உறுதிசெய்வதுதான் நேரம் பிடிக்கும் வேலை. எல்லாவற்றையும் ஒரு டிரான்சாக்‌ஷனில் கட்டிவிட்டால் அந்தக் காத்திருப்பு ஒரே தடவைதான்.

லூப்புக்குள் க்வெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, போடுவதும் இதே ஜாதி. 400 வீட்டுப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ‘கடைசியாக எப்போது கேன் போனது’ என்று தனியாகக் கேட்டால் மொத்தம் 401 கேள்வி. இரண்டு டேபிளையும் இணைத்துக் கேட்டால் ஒன்று.

ஐஃபோனில் தரவைச் சேமிக்க ஆப்பிளின் கோர் டேட்டா பயன்படுத்துகிறவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே பட்டியலில் வரும் ஆப்ஜெக்டுகளில் (ஒரு வரியின் தரவைத் தாங்கி வருபவை) பல வெறும் கூடாகவே இருக்கும், தொட்டால்தான் உள்ளே தரவு வந்து நிரம்பும். அதை ஃபால்ட் என்பார்கள். திரையில் காட்டிக்கொண்டிருக்கும் கூட்டை நீங்கள் தொடுவதற்குள் வேறொரு பக்கம் அந்த வரியை அழித்துவிட்டால், நிரப்ப ஒன்றும் இருக்காது. பழைய ஐஓஎஸ்களில் ஆப் விழுந்துவிடும், ஐஓஎஸ் 9 முதல் வழக்கமாக அந்தக் கூடு காலியாகவே நிற்கும். ரியல்மில் அழிந்த ஆப்ஜெக்டைத் தொட்டால் ஆப் விழுந்துவிடும். இன்னொன்று, ஒரு திரெட்டில் (ஆப்புக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத் தடம்) எடுத்த ஆப்ஜெக்டை இன்னொரு திரெட்டுக்கு அப்படியே தரக்கூடாது. அடையாள எண்ணைக் கொடுங்கள், அங்கே போய் அது திரும்ப எடுத்துக்கொள்ளட்டும்.

நகல் எடுப்பதில் ஒரு செலவும் இருக்கிறது. இறக்கிய கேனைப் படம் எடுத்து, படத்தையே வரியில் வைத்துச் சேமிக்கலாமா என்று ஒரு ஜூனியர் கேட்டார். ஆண்ட்ராய்டு டேட்டாபேஸிலிருந்து வரிகளை எடுத்து வரும் இடைநிலைப் பெட்டியின் அளவு பொதுவாக 2 எம்பி. ஒரு வரியே அதைவிடப் பெரிதாக இருந்தால் எழுத முடியும், படிக்க முடியாது. உள்ளே போன படம் வெளியே வராது. படத்தைக் கோப்பாக வைத்து, அதன் பாதையை மட்டும் வரியில் எழுதச் சொன்னேன்.

இப்போது என்னிடம் வேலைக்குச் சேர்கிறவர்களிடம் நிரலைக் காட்டும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: நிரலின் இந்தத் துண்டு, அதாவது ஃபங்ஷன், திருப்பித் தருவது ஜன்னலா, ஃபோட்டோவா? பாதிப் பேர் யோசித்துவிட்டு ‘லிஸ்ட்’ என்கிறார்கள். லிஸ்ட் என்பது அதன் வடிவம், நான் கேட்டது அதுவல்ல.

சோதனைக்கு அண்ணாச்சியின் அந்த ஆண்ட்ராய்டு 10 ஃபோனையே வாங்கி டிராயரில் வைத்திருக்கிறேன். அதில் 5,000 பொய் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். எந்த ஆப்பாக இருந்தாலும் முதலில் அதில்தான் ஏறும், மொத்தமாக மாற்றும் எந்தப் பட்டனையும் ஒரே ஒரு தடவைதான் அழுத்துவோம். பேட்டரி கொஞ்சம் உப்பியிருக்கிறது. இந்த வாரம் ரிச்சி தெருவுக்குப் போய் மாற்ற வேண்டும்.