பெரிய ஸ்கான், சின்ன ஸ்கான்

"தம்பி, உந்தச் சின்ன ஸ்கான் வேண்டாம். பெரிய ஸ்கானையே எடுத்துவிடுங்கோ. மகன் கனடாவில இருந்து காசு அனுப்பியிருக்கிறான்."

வெள்ளவத்தையிலிருந்து வந்த அம்மா ஒருவர் சொன்னது இது. வலது விலாவுக்குக் கீழே வலி, சாப்பிட்ட பிறகு கூடுகிறதாம். பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு அனுப்பிய டொக்டர் எழுதியிருந்தது அல்ட்ராசவுண்ட், ஒலியலையால் பார்க்கும் சின்ன ஸ்கான். அம்மா கேட்டது சி.ரி., எக்ஸ்ரேயால் எடுக்கும் பெரிய ஸ்கான். கொழும்பில் ஸ்கான் பார்க்கும் வைத்தியனான எனக்கு இது பழகிய பேச்சு. விலை கூடினால் தரமும் கூடும் என்பது சேலைக்குச் சரிவரலாம். பித்தப்பைக் கல்லுக்குச் சரிவராது.

கொலஸ்ட்ரோல் கற்களில் சில சி.ரி. படத்தில் பித்தநீரோடு ஒன்றாகிக் கண்ணில் படாமலே போகும். அல்ட்ராசவுண்டில் ஒலியலை கல்லில் பட்டுத் திரும்பும். திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு, அதற்குப் பின்னால் கறுப்பு நிழல். கதிர்வீச்சே கிடையாது. தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே இறங்காது. அந்தக் குளிர்ந்த ஜெல் பூசுவது அதற்காகத்தான். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதும் சும்மா இல்லை. அந்த அம்மா காலையில் பால்ரீ குடித்திருந்தார். "ரீ தானே தம்பி!" பாலின் கொழுப்புக்குப் பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கிய பைக்குள் கல்லைத் தேடுவது கஷ்டம். சரி என்று மறுநாள் வரச் சொன்னேன். மூன்று கற்கள் இருந்தன.

சி.ரி.யை நான் குறை சொல்லவில்லை. காலி வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வருகிறவருக்கு, மூளையில் இரத்தக்கசிவு இருக்கிறதா என்று நிமிடங்களுக்குள் காட்டுவது அதுதான். அங்கே கதிர்வீச்சுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எக்ஸ்ரே குழாய் உடம்பைச் சுற்றிச் சுழன்று பல நூறு கோணங்களில் எடுப்பதைக் கணினி துண்டு துண்டாக அடுக்கித் தருகிறது. அத்தனை கோணத்துக்கும் கதிர் வேண்டுமே. உடம்பில் படும் கதிரை மில்லிசீவேர்ட் என்ற அலகில் அளப்போம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு அதிகம் போனால் 0.1 மில்லிசீவேர்ட். வயிற்று சி.ரி.க்கு 8 அளவில் வரும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நம்மேல் படும் கதிரே உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4. ஆக, மூன்று வருஷத்துப் பங்கு ஒரே நாளில். அதனால் கூடும் புற்றுநோய் வாய்ப்பு மிகச் சிறியது, தேவையான சி.ரி.க்குப் பயப்பட வேண்டாம். எனக்குக் கோபம் வருவது, போன மாதத்துப் படம் வீட்டு அலுமாரியில் கிடக்க, "கொண்டுவர மறந்துபோனன்" என்று இன்னொன்று எடுக்க நேரும்போதுதான். சின்னப் பிள்ளைகளுக்குக் கதிர் கூடுதலாகப் பாதிக்கும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே வெட்கப்படாமல் முதலே சொல்லிவிடுங்கள்.

காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கானில் எக்ஸ்ரே இல்லை. பயப்பட வேண்டியது காந்தத்துக்கு. அதன் வலிமையை டெஸ்லா என்ற அலகில் சொல்வோம். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும் அது இரும்பை இழுத்துக்கொண்டே இருக்கும். "நகை எல்லாம் கழற்றியாச்சா?" என்றால் எல்லோரும் "ஓம்" என்பார்கள். தாலிக்கொடியும் அதில் கொழுவிய சேஃப்டி பின்னும் நகைக் கணக்கில் வருவதில்லை. தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள், அது நல்ல வழி. பின்களை மட்டும் திரும்ப எடுத்துப்போக மறந்துவிடுவார்கள். எங்கள் மேசை லாச்சியில் ஒரு பால்மா ரின் நிறையக் கிடக்கிறது.